திருப்பத்தூர் – காரைக்குடி வழியில் உள்ள சாலையோரத் தோப்பு: மரங்களுக்கு உண்மையில் என்ன வயது?

ஏப்ரல் 3 – வாசகர் கேள்வி

"காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வருகிறோம். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, கானாடுகாத்தான் வீடுகள் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன. திருப்பத்தூரிலிருந்து வரும் வழியில், சாலைக்கு மேல் கிளைகள் கூடி நிழல் கட்டிய ஒரு தோப்பு வீடியோவில் சுற்றுகிறது. எல்லாம் ஆயிரம் வருஷத்து ஆலமரங்கள் என்கிறார்கள். உண்மையா? வேனை உள்ளே நிறுத்தி மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொள்ளலாமா?"

ஏப்ரல் 3, இரவு

அந்தத் தோப்பு எனக்கு நன்றாகத் தெரியும். அப்பத்தா ஊருக்குப் போகிற வழி அது. ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, மற்றவர்களும் எழுதாமல் இருந்தால் நல்லது. வீடியோ பார்த்துத் தேடி வருகிற வண்டியே இப்போது தாங்க முடியாத அளவுக்கு இருக்கிறது.

ஆலமரத் தோப்பு இல்லை. சாலை ஓரம் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்பவை இலுப்பை. இடையில் பெரிய புளியமரங்கள் உண்டு. உள்ளே ஐயனார் கோயிலைச் சுற்றி இருப்பது பாலை, வீரை, உசில், காசான், நெய்க்கொட்டான் எல்லாம் கலந்த பழைய காடு. ஆலமரம் என்று ஒன்றே ஒன்று இருக்கிறது. அதுவும் ஒரு புளியமரத்தின் கவட்டையில் பறவை எச்சத்தில் முளைத்துக் கீழே இறங்கியது. விழுது தொங்குவது அதில்தான் என்பதால் எல்லா வீடியோவிலும் அதையே காட்டுகிறார்கள்.

ஆயிரம் வருஷம் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை. வேனைத் தயவுசெய்து உள்ளே விடாதீர்கள். காரணத்தைத் தனியாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 4

வளையம் எண்ணினால் வயது தெரிந்துவிடாதா என்று ஒரு தம்பி கேட்கிறார். தேக்குக்கு அது சரி. செட்டிநாட்டு வீடுகளில் போட்டிருக்கும் பர்மாத் தேக்கு உத்தரத்தின் வெட்டுமுகத்தைப் பார்த்தாலே கோடு கோடாகத் தெரியும். வருஷா வருஷம் இலையை உதிர்த்து வளர்ச்சியை நிறுத்தி, மறுபடி தொடங்குகிற மரம் அது. இலுப்பை, புளி, பாலை போன்றவற்றில் அப்படித் தெளிவான ஆண்டு வளையம் விழுவதில்லை. கோடை மழை நன்றாகப் பெய்தால் ஒரு வருஷத்திலேயே இரண்டு தடவை துளிர்க்கும், வறட்சி வந்தால் அப்படியே நிற்கும். அந்தக் கோடுகளை நம்ப முடியாது.

இன்னொரு சிக்கல், பெரிய மரங்களில் பாதிக்கு மேல் உள்ளே பொந்து. மரத்தின் பழைய பகுதி நடுவில்தான் இருக்கும். அது உளுத்துக் கொட்டிப் போயிருந்தால் வளையமும் இல்லை, கரிம ஆய்வுக்குக் கொடுக்க நடுக்கட்டையும் இல்லை. மிஞ்சியிருக்கும் கட்டை எவ்வளவு பழையது என்றுதான் ஆய்வு சொல்லும், மரம் எப்போது முளைத்தது என்று சொல்லாது.

அதனால் சுற்றளவைத்தான் அளக்கிறார்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில் டேப்பைச் சுற்ற வேண்டும். அதிலிருந்து வயதுக்குப் போவதும் லேசான காரியம் இல்லை. கண்மாய்க்குள் நிற்கும் மருதம் மளமளவென்று பருக்கும். அதே வயதில் செம்பராங்கல் மேட்டில், அதாவது இறுகிய செங்கல் நிறப் பாறை மண்ணில், நிற்கும் மரம் ஒல்லியாகவே இருக்கும். நம் தோப்பு நிற்பது செம்பராங்கல் மேட்டில்.

ஏப்ரல் 4, கொஞ்ச நேரம் கழித்து

மேலே எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். எல்லோரும் பெரிய இலுப்பையைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிறார்கள். அந்தத் தோப்பில் வயதில் மூத்தது அதுவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கோயிலுக்குப் பின்னால் பாலை மரங்கள் இருக்கின்றன. உயரம் குறைவு, உடம்பு முறுக்கிக்கொண்டு நிற்கும், பட்டை சதுரம் சதுரமாக வெடித்திருக்கும். பாலை மிக மெதுவாக வளர்கிற மரம். கட்டை அவ்வளவு உறுதி, உலக்கை செய்ய அதைத்தான் தேடுவார்கள், உலக்கைப்பாலை என்ற பேரே அதனால் வந்தது. கையால் வளைத்துப் பிடிக்கிற அளவுள்ள ஒரு பாலை, சாலையோரத்து இலுப்பையை விட மூத்ததாக இருக்கலாம். அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

ஏப்ரல் 7

இரண்டு பேர் வரலாற்றை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ராணி மங்கம்மாள் நட்ட மரங்கள் என்கிறார் ஒருவர். மருது பாண்டியர் படை தங்கிய இடம் என்கிறார் இன்னொருவர்.

மங்கம்மாள் மதுரையை ஆண்டது 1689 முதல் 1700-களின் தொடக்கம் வரை. சாலையும் சாவடியும் அமைத்து ஓரத்தில் மரம் வைத்தவர் என்ற பெயர் தென்மாவட்டம் முழுக்க இருக்கிறது. ஆனால் பழைய மரவரிசை எதைக் கண்டாலும் மங்கம்மாள் கணக்கில் எழுதிவிடுவதும் இங்கே வழக்கம். நம் சாலை அந்தச் சாலைகளில் ஒன்று என்பதற்குக் கல்வெட்டோ செப்பேடோ நான் பார்த்ததில்லை. வரிசையாக, ஏறக்குறைய ஒரே இடைவெளியில் நிற்பதால் யாரோ நட்டவைதான் என்று மட்டும் தைரியமாகச் சொல்லலாம். உள்ளே இருக்கும் காடு யாரும் நட்டது இல்லை.

மருது சகோதரர்கள் விஷயம் வேறு. அவர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபர் 24. அந்த வருஷம் கம்பெனிப் படை சிறுவயலில் இருந்து காளையார்கோயிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட முயன்றது. ஒரு மாதம் போல வெட்டியும் கோட்டையை எட்ட முடியாமல் அந்த வழியைக் கைவிட்டது. கடைசியில் வேறு பக்கமாக வந்துதான் காளையார்கோயிலைப் பிடித்தார்கள். இன்று சிறுவயல் பக்கம் போனால் பொட்டலும் சீமைக்கருவேலும் தைலமரமும்தான். ஒரு படையையே நிறுத்தி வைத்த காடு இருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

அதனால்தான் இந்த மாதிரி ஐயனார் காடுகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. மருது பாண்டியர் இதே மரத்தடியில் உட்கார்ந்தார்களா என்று நிரூபிக்கத் தேவையில்லை. அவர்கள் காலத்துக் காடு எப்படி இருந்திருக்கும் என்பதற்கு உயிரோடு இருக்கும் மாதிரி இது. உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியல்காரர்கள் சொல்கிற வகை. கடும் கோடையிலும் முழுக்க மொட்டையாகாது. சோழமண்டலக் கடற்கரை ஓரமாகவும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கமும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. மிஞ்சிய துண்டுகளில் பல கோயில்காடுகள்தான்.

ஏப்ரல் 9

இலுப்பை பூத்திருக்கிறதா என்று கோட்டையூர் அண்ணன் கேட்டிருந்தார். நன்றாகப் பூத்திருக்கிறது அண்ணே. இன்று விடிவதற்கு முன்பே போயிருந்தேன்.

பகலில் வருகிறவர்களுக்கு இந்த மரம் என்ன செய்கிறது என்றே தெரியாது. பழைய இலை பெரும்பாலும் கொட்டி, கிளை நுனியில் செம்பழுப்பாகத் துளிர். அதற்குக் கீழே கொத்தாகப் பூ தலைகீழாகத் தொங்குகிறது. இருட்டு இருக்கும்போதே உதிர ஆரம்பிக்கிறது. சருகு மேல் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம் கேட்கும். பொறுக்கிப் பார்த்தால் வெளிர் மஞ்சள், சுண்டுவிரல் நுனி அளவு, சதைப்பற்று, விரலால் அழுத்தினால் சாறு. வாயில் போட்டால் முதலில் இனிப்பு, பிறகு லேசான காட்டம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சும்மா சொல்லவில்லை. மேலே பழந்தின்னி வௌவால்கள் ஒரே கலவரம். பூவை மென்று சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்புகின்றன, அதுவும் கீழே விழுகிறது. மகரந்தத்தைக் கொண்டுபோவதும் விதையைத் தூரமாகக் கொண்டுபோய்ப் போடுவதும் இவைதான். வெளிச்சம் வருவதற்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது.

ஆறரை மணிக்கு முதல் கார் வந்தது. கல்யாணப் படப்பிடிப்பு. கலர் புகை கொளுத்தினார்கள். பூ விழுந்து கிடந்த இடத்தின் மேலேயே டயர் ஏறியது. மணப்பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இராது, அவரிடம் கோபப்பட ஒன்றும் இல்லை. பூவைக் காட்டி, வாயில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். போட்டுப் பார்த்துவிட்டு, வண்டியை அந்தப் பக்கம் எடுக்கச் சொன்னதே அவர்தான்.

ஏப்ரல் 10

வண்டியை ஏன் உள்ளே விடக்கூடாது என்று எழுதுவதாகச் சொல்லியிருந்தேன்.

மரத்தின் வேர் கீழே ஆழமாகப் போகிறது என்று நினைக்கிறோம். தாங்குகிற வேர் போகும். சாப்பிடுகிற வேர், அதாவது நீரையும் சத்தையும் எடுக்கிற சல்லிவேர், பெரும்பாலும் மேல் இரண்டு அடி மண்ணுக்குள்தான். கிளை விரிந்த எல்லையையும் தாண்டி வெளியே பரவியிருக்கும். அந்த வேர் மூச்சுவிட மண்ணுக்குள் காற்று இருக்க வேண்டும். காரும் வேனும் தினமும் ஏறி நின்றால் மண் களத்துமேடு மாதிரி இறுகிவிடும். மழை பெய்தால் உள்ளே இறங்காமல் வழிந்து சாலைக்கு ஓடும். மரம் உடனே சாகாது. மூன்று வருஷம், ஐந்து வருஷம், பத்து வருஷம்கூட இழுக்கும். உச்சிக்கிளை முதலில் காயும். அதற்குள் யார் வண்டி நிறுத்தியது என்பது மறந்து போயிருக்கும், "வயசாகிப் போச்சு" என்று சொல்லிவிடுவோம்.

தோப்பின் தெற்கு முனையில் போய்ப் பாருங்கள். வண்டி நிற்கிற இடத்தில் வேர் மண்ணுக்கு மேலே வந்து, பட்டை தேய்ந்து, டயர் உரசி வழவழவென்று மின்னுகிறது. அதற்கு நேர் மேலே உச்சியில் இலை இல்லை. வடக்கு முனையில் கார் ஏற முடியாத கல் மேடு, அங்கே எல்லா மரமும் அடர்த்தியாக இருக்கிறது. ஒரே மண், ஒரே மழை.

எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் பொட்டல் இருக்கிறது. அங்கே நிறுத்திவிட்டு நடந்து வந்தால் போதும். தூரம் நூறு அடி கூட இல்லை.

ஏப்ரல் 11

பொந்து விழுந்த மரம் ஆபத்துதானே, வெட்டிவிடுவது நல்லதில்லையா என்று ஒருவர். பொந்து விழுந்ததாலேயே மரம் சாகாது. நடுவில் இருப்பது வைரம், அது உயிரில்லாத கட்டை. உயிர் இருப்பது பட்டைக்கு உள்பக்கத்தில் உள்ள மெல்லிய அடுக்கில். சுற்றுச்சுவர் போதிய கனத்தில் இருந்தால் மரம் நிற்கும். அந்தப் பொந்தில்தான் ஆந்தையும் கிளியும் மைனாவும் உடும்பும் இருக்கின்றன. சாலைக்கு மேல் காய்ந்து தொங்குகிற கிளையைக் கழிக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. பேருந்து போகிற சாலை. கிளையைக் கழிப்பதற்கும் மரத்தை வெட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

ஏப்ரல் 13

கஜா புயல் ஞாபகம் இருக்கிறதா? 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டையைச் சூறையாடிவிட்டு நம் பக்கமும் வந்தது. அந்த வாரம் காரைக்குடி சுற்றுவட்டாரத்தில் மின்சாரம் இல்லை, எங்கே பார்த்தாலும் சாய்ந்த மரம். தோப்பில் என்ன விழுந்தது, என்ன நின்றது என்பதை நான் அப்போதே போய்ப் பார்த்தேன்.

உள்காட்டில் ஒரு பாலை கூட விழவில்லை. சாலையோரத்து இலுப்பைகளில் சில வேரோடு சாய்ந்தன. எல்லாம் ஒரே பக்கம். அந்தப் பக்கத்தில்தான் புயலுக்கு முன்பு கேபிள் பதிக்கக் குழி வெட்டியிருந்தார்கள். சாய்ந்த மரத்தின் வேர்த்தட்டைப் பார்த்தால் ஒரு பக்கம் வேர் நீளமாக, கிழிந்த நாராக இருந்தது. சாலைப் பக்கம் இயந்திரம் நேர்கோட்டில் அறுத்த தடம் தெரிந்தது. காற்று தள்ளியது உண்மை, மரத்தின் ஒரு காலை நாமே ஏற்கெனவே வெட்டி எடுத்துவிட்டிருந்தோம் என்பதும் உண்மை.

குழி வெட்டுகிறவர்களுக்கு இதை யாராவது சொல்லிக்கொடுத்தால் போதும். அடிமரத்தை ஒட்டி வெட்டாமல், கிளை எல்லைக்கு வெளியே தள்ளிப் போகலாம். தள்ள முடியாத இடத்தில் வேருக்குக் கீழே துளைத்துக் குழாயைக் கொண்டுபோகலாம். அந்த இயந்திரம் நம் ஊரிலேயே வேலை செய்கிறது.

ஏப்ரல் 14

சித்திரை ஒண்ணு. சாலையில் இரண்டு பக்கமும் கார். கோயிலுக்கு வந்தவர்களே நடக்க இடமில்லை.

ஏப்ரல் 16

லண்டனில் இருக்கும் நம்ம ஊர்க்காரர் ஒருவர் வட அயர்லாந்தின் டார்க் ஹெட்ஜஸ் படத்தை அனுப்பி, இதையும் அப்படி ஆக்கலாமே என்று கேட்டிருக்கிறார். அந்தக் கதையை முழுக்கச் சொல்ல வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஸ்டூவர்ட் என்ற குடும்பம் தங்கள் மாளிகைக்குப் போகும் வழியில் நட்ட பீச் மரங்கள். நட்டது 150 போல, இன்று நிற்பது நூறுக்கும் குறைவு. ஒரு தொலைக்காட்சித் தொடரில் வந்த பிறகு உலகம் முழுக்க ஆள் வந்தது, பேருந்து பேருந்தாக. ஓரத்து மண் இறுகியது, வேர் நசுங்கியது. 2017-இல் அந்தச் சாலையில் வாகனத்துக்கே தடை போட்டார்கள். 2023-இல் ஆபத்தான நிலையில் இருந்த ஆறு மரங்களை வெட்ட வேண்டியதாயிற்று. கூட்டம் வந்து, கெடுதலும் நடந்த பிறகுதான் அங்கே தடை வந்தது. நமக்கு இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது.

நம் நாட்டிலேயே வேறு விதமாகச் செய்த இடங்கள் உண்டு. தேவனஹள்ளி பக்கத்தில் நல்லூர் புளியந்தோப்பு, 54 ஏக்கர், 2007-இல் நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் முதலில் மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி, 2022. அதற்கப்புறம் 2025-இல் நத்தம் பக்கத்துக் காசம்பட்டிக் கோயில்காடு. காசம்பட்டியைக் கவனிக்க வேண்டும். மொத்தமே ஐந்து ஹெக்டேர் போலத்தான். சின்னது என்று யாரும் தள்ளிவிடவில்லை.

ஏப்ரல் 22

தோப்புக்குள் பேவர் பிளாக் போடுவதாகப் பேச்சு அடிபடுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகள் சிலர் பணம் தரத் தயாராம். பெரிய மரங்களைச் சுற்றி உட்காரச் சிமென்ட் திண்டும் கட்டுவார்களாம்.

ஊர் மேல் பாசம் வைத்துத்தான் பணம் தருகிறார்கள். இந்த வட்டாரத்தில் ஊரணியும் கோயிலும் பள்ளிக்கூடமும் அப்படித்தான் வந்தன. அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன், அவர்களில் யாராவது படித்தால் பயன்படும்.

கல் பாவினால் மண்ணுக்குள் காற்றும் நீரும் போவது மிகவும் குறைந்துவிடும். பாவுவதற்கு முன் மேல்மண்ணை வெட்டிச் சமப்படுத்துவார்கள். சல்லிவேர் இருப்பது அந்த மேல்மண்ணில்தான், அது அன்றைக்கே போயிற்று. திண்டு கட்டி உள்ளே மண் நிரப்பினால் அடிமரப் பட்டை மண்ணுக்குள் புதைந்து ஈரத்தில் அழுகும், கரையான் ஏறும். ஊருக்கு ஊர் அரசமரத்தைச் சுற்றி மேடை இருக்கிறதே, அது சாகவில்லையே என்று கேட்பீர்கள். அரசும் ஆலும் பாறை இடுக்கிலும் சுவரிலும் பிழைக்கிற சாதி. இலுப்பையும் பாலையும் அப்படி இல்லை.

அந்தப் பணத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. எதிர்ப் பொட்டலைச் சமப்படுத்தி வண்டி நிறுத்தும் இடம், அங்கேயே கழிப்பறை, குடிநீர், குப்பைத்தொட்டி. தோப்பு ஓரத்தில் வண்டி ஏறாதபடி கல் ஊன்ற வேண்டும். இடித்துப்போட்ட பழைய வீடுகளின் கல்கால்கள் இந்த வட்டாரத்தில் எத்தனை கிடக்கின்றன! உட்காரக் கல் பலகை வேண்டுமென்றால் அடிமரத்தை விட்டு விலகி, அஸ்திவாரம் தோண்டாமல், இரண்டு கல் மேல் ஒரு பலகை. பணமும் மிச்சமாகும்.

ஏப்ரல் 24

கோயில்காட்டைச் சுற்றிக் கம்பி வேலி போட வேண்டும் என்று வேறொரு இடத்தில் எழுதியிருந்தேன். பூசாரியிடம் உட்கார்ந்து பேசிய பிறகு அந்த எண்ணம் மாறுகிறது.

அவர் வேளார், மண்பாண்டம் செய்கிற குடும்பம். ஐயனாருக்கு மண் குதிரை செய்கிறவரும் அவர்தான், பூசை வைக்கிறவரும் அவர்தான். "வேலி போட்டா ஆடு வராது, சரி. இலுப்பைக்கொட்டை பொறுக்க வர்ற பொம்பளையாளும் வரமாட்டாகளே? அவுக வந்து போறதாலதான் இது ஊர் காடா இருக்கு" என்றார். எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. இந்தக் காட்டைக் காப்பாற்றி வந்தது ஊர்க்கட்டு. காட்டுக்குள் செருப்புப் போடக்கூடாது. பச்சைக்கிளையை ஒடிக்கக்கூடாது. விழுந்த விறகை எடுத்தால் அது சாமி பொங்கலுக்கு மட்டும், வீட்டு அடுப்புக்கு இல்லை. புரவி எடுப்பு, அதாவது மண் குதிரைகளைக் கோயிலுக்குத் தூக்கி வரும் திருவிழா, நடக்கிற வருஷம் ஊரே உள்ளே வந்து போகும். ஊர் ஆட்கள் உள்ளே வராமல் போனால் அந்தக் கட்டுப்பாடும் சொல்ல ஆளில்லாமல் போய்விடும்.

ஆனால் ஆட்டுப் பிரச்சினை இருக்கிறது. இதை அவரும் ஒத்துக்கொண்டார். தோப்பு முழுக்கப் பெரிய மரம், இடுப்பு உயரத்துக்கு ஓர் இலுப்பைக் கன்று கிடையாது. கீழே விழுகிற விதை முளைக்காமல் இல்லை. முளைத்ததை ஆடு மேய்கிறது. மிச்சத்தைச் சுத்தம் செய்கிறோம் என்று சருகோடு கூட்டிக் கொளுத்துகிறார்கள். மரங்களுக்கு ஆயிரம் வயதா ஐந்நூறு வயதா என்று இவ்வளவு பேசுகிறோம், பத்து வயதில் ஒரு மரம் இல்லாததைப் பேசவில்லை. இப்போதிருக்கிற மரங்கள் போனால் அந்த இடத்தில் நிற்க ஒன்றும் இல்லை.

காடு முழுக்க வேலி வேண்டாம். கன்று இருக்கும் இடத்தில் மட்டும் முள் அடைத்துக் கூண்டு வைக்கலாம் என்பது பூசாரி சொன்ன வழி. சீமைக்கருவேல் முள்ளுக்கு நம் பக்கம் பஞ்சமே இல்லை. சருகைக் கொளுத்தக்கூடாது என்று சாமி பேரில் ஒரு கட்டு சேர்த்துவிடலாம் என்றும் சொன்னார். அறிவிப்புப் பலகையை விட அதற்கு மதிப்பு அதிகம்.

மே 2

நேற்றுக் கிராம சபை. தோப்பு விஷயம் கடைசியில்தான் வந்தது, பாதிப் பேர் எழுந்து போயிருந்தார்கள். பேவர் பிளாக் வேண்டாம் என்பதைப் பெண்கள்தான் முதலில் சொன்னார்கள். கல் பாவினால் கொட்டை விழுந்து உடைந்து நாசமாகும், பொறுக்க முடியாது என்பது அவர்கள் காரணம். வண்டி எதிர்ப் பொட்டலில் என்று தீர்மானத்தில் எழுதிக்கொண்டார்கள்.

ஒரு சிக்கல் இருக்கிறது. சாலையோர வரிசை மரங்கள் சாலைக்குச் சொந்தம், உள்காடு கோயிலுக்குச் சொந்தம், எதிர்ப் பொட்டல் புறம்போக்கு. மூன்று இடத்திலும் தனித்தனியாக மனு கொடுக்க வேண்டும். சாலையை அகலப்படுத்தும் பேச்சு வந்தால், அரசு நிலத்து மரம் என்பதால் ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பசுமைக் குழுவிடம் போக வேண்டும். மரம் வெட்டும் நாள் வரை காத்திருக்காமல் இப்போதே ஒவ்வொரு மரத்துக்கும் இனம், சுற்றளவு, இடம் என்று ஒரு பட்டியல் எழுதிக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. கல்லூரிப் பிள்ளைகள் டேப்போடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆணி அடித்து எண் மாட்ட வேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஏற்கெனவே விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணிகளைப் பிடுங்கவே ஒரு நாள் வேண்டும்.

ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று நடுவோம் என்று சாலை வேலைகளில் சொல்வார்கள். நட்ட கன்று பத்தும் பிழைத்தாலும், அதில் பொந்து விழுந்து ஓர் ஆந்தை குடியேற எத்தனை தலைமுறை ஆகும் என்று கேட்டேன். பதில் இல்லை.

மே 19

பேச்சு வேறு எங்கோ போய்விட்டது, வேட்டங்குடி பற்றிப் பேசுகிறீர்கள். பரவாயில்லை, சம்பந்தம் இருக்கிறது. திருப்பத்தூர் பக்கத்தில் 1977-இல் பறவைகள் சரணாலயமான இடம். கொள்ளுக்குடிப்பட்டியிலும் வேட்டங்குடிப்பட்டியிலும் தீபாவளிக்கு வெடி கிடையாது, பறவைக்குத் தொந்தரவு என்று ஊரே விட்டுவிட்டது. குழந்தைகளும் கேட்பதில்லை. வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லிக்கொடுக்கவில்லை. தோப்பில் கலர் புகையை நிறுத்துவது அதை விடச் சிரமமான காரியமா?

இன்னொன்று, பாலைப்பழம் வந்துவிட்டது. மஞ்சளாக, சின்னதாக, நல்ல இனிப்பு. நாலு பழத்துக்கு மேல் தின்றால் பால் ஒட்டி உதடு இரண்டும் பிரியாது. சின்ன வயதில் தேங்காயெண்ணெய் தடவி விடுவார்கள். கோயிலில் கும்பிட்டுவிட்டு, கீழே விழுந்ததை மட்டும் எடுத்துச் சாப்பிடுங்கள்.

ஜூன் 8

பட்டியல் வேலை பாதி முடிந்திருக்கிறது. எதிர்பார்த்தபடியே பெரிய சுற்றளவு எல்லாம் சாலையோரத்து இலுப்பையும் புளியும். பிள்ளைகள் உள்காட்டில் எண்ணியபோதுதான் வீரையும் காசானும் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. கருங்காலி ஒன்றும் இருக்கிறது. அது இருக்கும் இடத்தை யாரும் எழுத வேண்டாம். கருங்காலி மாலை, கருங்காலிக் கோல் என்று இப்போது கட்டைக்கு அலைகிறார்கள்.

முதல் கேள்வி கேட்டவர் கல்யாணத்துக்கு வந்து போய்விட்டதாக எழுதியிருக்கிறார். பொட்டலில் நிறுத்தி நடந்தார்களாம். மிக்க நன்றி. வயது என்ன என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்ல என்று கேட்கிறார். சாலையோரத்து மரங்கள் சில தலைமுறைக்கு முன்னால் யாரோ நிழலுக்காக நட்டவை, உள்ளே இருப்பது அவர்களுக்கும் முன்னால் இருந்த காடு என்று சொல்லுங்கள். நமக்கு உறுதியாகத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஜூலை 6

இலுப்பைப்பழம் விழ ஆரம்பித்துவிட்டது. காலையில் பெண்கள் கூடையோடு இருந்தார்கள். கொட்டை ஒரு பங்கு கோயில் விளக்குக்கு, மற்றது செக்குக்கு.

கன்று வளர்க்க விதை வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். இலுப்பை விதையைச் சேர்த்து வைக்க முடியாது, காய்ந்தால் முளைப்புத் திறன் போய்விடும். சில வாரம்தான் தாங்கும். பழத்தைப் பிதுக்கி, சதையைக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, உடனே பையில் ஊன்ற வேண்டும். உயரமான பையாக எடுங்கள், ஆணிவேர் சீக்கிரம் கீழே போகும், சின்னப் பையில் சுருண்டுகொள்ளும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, தொழுவுரம் ஒரு பங்கு. அரை நிழல். நடுவதற்கு அடுத்த வருஷ ஐப்பசி மழை வரை பொறுங்கள், கன்று முழங்கால் உயரத்துக்கு மேல் வந்தால்தான் பிழைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பூசாரி வீட்டு வாசலில் விதை கொடுக்கிறோம். வருகிறவர்கள் ஈரச் சாக்கு ஒன்று கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் பையில் கட்டினால் வெந்துவிடும். வண்டி எதிர்ப் பொட்டலில்.